டிராகன் ஏழுக்கு எத்தனை சதவீதம் சேதாரம்?

போன ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். சாமி கும்பிட்டுவிட்டு நேரே செவ்வாய்ப்பேட்டையில் என் வெள்ளிப் பட்டறைக்கு வந்தவன், தராசை ஓரமாக நகர்த்திவிட்டு ஒரு நோட்டை விரித்து வைத்து, "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க, எங்கே தப்புன்னு மட்டும் சொல்லுங்க" என்றான். நோட்டு முழுக்கக் கட்டம் போட்டு எண்கள். ஒரு பக்கத்தில் 40, இன்னொரு பக்கத்தில் 25, அடுத்ததில் 11, ஒவ்வொன்றையும் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தான்.

விஷயம் இதுதான். அதற்கு முந்தைய டிசம்பரில் நண்பர்களோடு கோவா போயிருக்கிறான். மாண்டவி ஆற்றில் நிற்கும் ஒரு கேசினோ கப்பலில் பாக்கரா என்ற சீட்டாட்ட மேசையில் உட்கார்ந்து ஒரே ராத்திரியில் 48,000 ரூபாயை விட்டிருக்கிறான். விட்டதில் முக்கால்வாசி சைடு பெட்டில், அதாவது முக்கிய ஆட்டத்துக்குப் பக்கத்தில் தனியாக வைக்கும் உபரிப் பந்தயத்தில். அதோடு நிற்காமல், திரும்பி வந்து டெலிகிராமில் ஒரு ஆளிடம் 4,999 ரூபாய் கொடுத்து 'டிராகன் பிடிக்கும் முறை' என்று 14 பக்கப் பிடிஎஃப் வாங்கியிருக்கிறான். அந்த முறையைத்தான் நோட்டில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அவன் கேட்டது நல்ல கேள்வி. எங்கே தப்பு என்று கேட்கிறவனைத் திட்டி அனுப்பினால், அடுத்த தடவை அந்த டெலிகிராம் ஆளிடம்தான் போய்க் கேட்பான். அதனால் உட்கார்ந்தேன். மூன்று மாதம் விட்டு விட்டு உட்கார்ந்தோம். அதில் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன், இவனைப் போல இன்னும் நிறையப் பேர் அந்த எண்ணை வட்டமிட்டுக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பில்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டுக் கட்டுச் சீட்டு, மொத்தம் 416. அதை ஒரு பெட்டியில் அடுக்கி ஒவ்வொன்றாக இழுப்பார்கள், அந்தப் பெட்டிக்கு ஷூ என்று பெயர். பிளேயர், பேங்கர் என்று இரண்டு பக்கம், அது வெறும் பெயர்தான், யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பணம் வைக்கலாம். இரண்டு பக்கத்துக்கும் இரண்டிரண்டு சீட்டு. ஏஸுக்கு 1, பத்துக்கும் படச் சீட்டுக்கும் பூஜ்யம், மற்றதற்கு அதன் எண். கூட்டி வந்ததில் கடைசி இலக்கம்தான் கணக்கு, 7-ம் 8-ம் வந்தால் 15 இல்லை, 5. இரண்டே சீட்டில் யாருக்காவது 8 அல்லது 9 வந்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது, அதற்கு நேச்சுரல் என்று பெயர். இல்லாவிட்டால் விதிப்படி மூன்றாவது சீட்டு. பெரிய எண் ஜெயிக்கும். ஆடுகிறவன் யோசித்து முடிவெடுக்க இதில் ஒன்றுமே கிடையாது, எல்லாம் விதிப்படி தானாக நடக்கும். நமக்கு இருக்கிற ஒரே முடிவு பணத்தை எந்தக் கட்டத்தில் வைப்பது என்பதுதான்.

அந்தக் கட்டங்களில்தான் சைடு பெட் உட்கார்ந்திருக்கிறது. டிராகன் 7 என்றால் பேங்கர் மூன்று சீட்டில் 7 எடுத்து ஜெயிக்க வேண்டும், ஒன்றுக்கு 40. பாண்டா 8 என்றால் பிளேயர் மூன்று சீட்டில் 8 எடுத்து ஜெயிக்க வேண்டும், ஒன்றுக்கு 25. பிளேயர் ஜோடி, பேங்கர் ஜோடி என்றால் முதல் இரண்டு சீட்டும் ஒரே எண்ணாக வரவேண்டும், ஒன்றுக்கு 11. இரண்டு பக்கமும் சமமானால் டை, பெரும்பாலான மேசைகளில் ஒன்றுக்கு 8.

மாப்பிள்ளைக்கு இதை நான் எங்கள் தொழில் பாஷையில்தான் சொன்னேன், வேறு பாஷை எனக்குத் தெரியாது. ஒரு கிலோ வெள்ளிக் கட்டியை உருக்குகிறோம், கம்பி இழுக்கிறோம், வளைத்துப் பற்றவைக்கிறோம், மெருகு போடுகிறோம். கடைசியில் கொலுசாக எடை போட்டால் ஒரு கிலோ இருக்காது. உருக்கில் கொஞ்சம், அரத்தில் கொஞ்சம், மெருகில் கொஞ்சம் போயிருக்கும். அதற்குத்தான் சேதாரம் என்று பேர் வைத்து விலையிலேயே சேர்க்கிறோம். சாயங்காலம் பட்டறைத் தரையைப் பெருக்கி மண்ணைக்கூட டப்பாவில் சேர்த்து வைப்போம், அதிலும் வெள்ளி இருக்கிறது. இப்போது பாக்கரா மேசையைப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சேதாரம் உண்டு. நாம் வைக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் சராசரியாக இத்தனை ரூபாய் மேசையின் தரையில் உதிரும் என்று கணக்குப் போட்டே அந்த 40-ஐயும் 25-ஐயும் எழுதியிருக்கிறார்கள். நாம் 40-ஐ வட்டமிடுகிறோம், வட்டமிட வேண்டியது அந்த உதிரும் எண்ணை. அது மேசையில் எங்கேயும் எழுதியிருக்காது.

ஜோடிக் கட்டத்தை வைத்து ஒரு தடவை கையால் போட்டுக் காட்டினேன், இதை யார் வேண்டுமானாலும் போடலாம். முதல் சீட்டு எதுவாகவும் இருக்கட்டும், ராணி என்று வைத்துக்கொள்வோம். எட்டுக் கட்டில் ராணி மொத்தம் 32, ஒன்று போனால் 31. மீதிச் சீட்டு 415. ஆக இரண்டாவதும் ராணியாக வர 415-ல் 31 வாய்ப்பு. வகுத்தால் 13.39-ல் ஒரு தடவை. ஜெயித்தால் போட்டதும் திரும்ப வரும், அதனால் நியாயமாகக் கொடுக்க வேண்டும் என்றால் ஒன்றுக்கு 12.39 கொடுக்க வேண்டும். கொடுப்பது 11. அந்த இடைவெளிதான் சேதாரம், நூற்றுக்கு 10.36. மாப்பிள்ளை கால்குலேட்டரில் இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

டிராகன் 7 கையால் போடுகிற கணக்கு இல்லை, மூன்றாவது சீட்டு விதிகள் உள்ளே நுழைந்துவிடும், ஆனால் ஏற்கெனவே கணினியில் போட்டு முடித்த எண் இருக்கிறது. 100 ஆட்டத்தில் 2.25 தடவை வரும், அதாவது 44 ஆட்டத்துக்கு ஒன்று. நியாயமான விலை ஒன்றுக்கு 43-க்கு மேல். தருவது 40. சேதாரம் 7.61 சதவீதம். பாண்டாவுக்கு 10.19. டைக்கு 14.36. இன்னொன்று சில மேசைகளில் இருக்கும், பேங்கர் 6-ல் ஜெயித்தால் ஒன்றுக்கு 12 தரும் சூப்பர் சிக்ஸ், அதற்குச் சேதாரம் கிட்டத்தட்ட 30 சதவீதம், நூற்றுக்கு முப்பது! சும்மா பேங்கர் மேல் வைத்தால், 5 சதவீதக் கமிஷன் பிடித்த பிறகும், 1.06-தான். பிளேயர் மேல் வைத்தால் 1.24. ஒரு ஷூவில் சுமார் 80 ஆட்டம் வரும். ஆட்டத்துக்கு 100 ரூபாய் என்று 80 ஆட்டமும் வைத்தால் பேங்கரில் சராசரியாக 85 ரூபாய் உதிரும், டிராகனில் 609, ஜோடியில் 829, டையில் 1,149, சூப்பர் சிக்ஸில் 2,398. அதே மேசை, அதே சீட்டு, அதே நூறு ரூபாய்.

"ஆனா மாமா, எப்படி வைக்கிறோம்ங்கிறதுல தானே விஷயம் இருக்கு?" என்றான். இங்கேதான் அந்தப் பிடிஎஃப் உள்ளே வருகிறது.

அதில் முதல் பாடம், காத்திருப்பது. டிராகன் வராமல் 50 ஆட்டம் போகட்டும், அப்புறம் வைக்க ஆரம்பி, 'வரவேண்டிய நேரம்' வந்துவிட்டது என்று. மேசையில் முன்னால் வந்த முடிவுகளைத் திரையில் புள்ளிகளாகக் காட்டிக்கொண்டே இருப்பார்கள், அதற்கு ரோடு என்று பெயர். நம்ம ஊரில் ஐந்து ரோடு என்றால் எங்கேயாவது போய்ச் சேரலாம், இந்த ரோடு எங்கேயும் போகாது. சீட்டுக்கு ஞாபகம் கிடையாது. போன 50 ஆட்டத்தில் டிராகன் வரவில்லை என்பது 51-வது ஆட்டத்துக்குத் தெரியாது. ஷூவில் எந்தச் சீட்டு மிச்சம் இருக்கிறது என்பது மட்டும்தான் கொஞ்சம் மாறும், அது வேறு கதை, பின்னால் சொல்கிறேன். 80 ஆட்டம் முழுக்க டிராகன் ஒரு தடவைகூட வராமல் போக 16 சதவீத வாய்ப்பு இருக்கிறது, அதாவது ஆறு ஷூவுக்கு ஒன்று சுத்தமாகக் காலி. 100 ஆட்டம் வராமல் போவது பத்தில் ஒன்று. மனசு '44-க்கு ஒன்று' என்பதைக் கேட்டதும் 45-வது ஆட்டத்தில் கதவைத் தட்டும் என்று எடுத்துக்கொள்கிறது. எங்கள் அப்பாவும் அப்படித்தான். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்யும்வரை வாரம் தவறாமல் சீட்டு வாங்குவார், விழாத சீட்டையெல்லாம் ரப்பர் பேண்டு போட்டு வெள்ளிப் பெட்டியிலேயே வைத்திருப்பார். "ஒரு நம்பர்ல போச்சுடா" என்பார். ஒரு நம்பரில் போனால் அடுத்த வாரம் நெருங்கிவிட்டது என்று அவருக்கு நிஜமாகவே தோன்றும். டிராகனிலும் அந்த 'ஒரு நம்பரில் போச்சு' நிறைய உண்டு. பேங்கருக்கு மூன்று சீட்டில் 7 வந்திருக்கும், பார்த்தால் எதிரில் பிளேயருக்கும் 7, டை ஆகிவிடும். மாப்பிள்ளை கோவாவில் அந்த மாதிரி நடந்த ஆட்டங்களை இன்னும் சீட்டு வாரியாக ஞாபகம் வைத்திருக்கிறான். ஜெயித்ததைக் கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது பாடம்தான் பிடிஎஃபின் உயிர், படி ஏறுவது. முதல் 20 ஆட்டம் 100 ரூபாய். வரவில்லையா, அடுத்த 20 ஆட்டம் 200. அடுத்த 20-க்கு 400. கடைசி 20-க்கு 800. டிராகன் வந்த உடனே நிறுத்திவிட்டு அடுத்த ஷூவில் மறுபடி 100-லிருந்து. இதைப் பார்த்தபோது நானே ஒரு நிமிஷம் அசந்துவிட்டேன், காரணம் கணக்கு அவ்வளவு அழகாக இருக்கிறது. எந்த ஆட்டத்தில் வந்தாலும் லாபம். 20-வது ஆட்டத்தில் வந்தால் அதுவரை போனது 1,900, வருவது 4,000. 40-வதில் வந்தால் போனது 5,800, வருவது 8,000. 60-வதில் வந்தால் போனது 13,600, வருவது 16,000. கடைசி 80-வதில் வந்தால்கூடப் போனது 29,200, வருவது 32,000. குறைந்தபட்சம் 2,100 ரூபாய் கையில் நிற்கும். 61-வது ஆட்டத்தில் வந்தால் 18,000. நூறு ஷூ ஆடினால் 84-ல் ஜெயிப்பான்! அந்த டெலிகிராம் ஆள் போடுகிற ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இந்த 84-லிருந்து வருவது, பொய்யே இல்லை, உண்மையான ஸ்கிரீன்ஷாட்தான்.

மீதி 16-ல் ஒவ்வொன்றிலும் 30,000 போகும். அதைப் பிடிஎஃபில் ஒரே வரியில் 'ஒழுக்கம் தேவை' என்று எழுதியிருந்தது.

நான் இரண்டு ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். இந்த முறையில் ஆடினால் ஒரு ஷூவுக்குச் சராசரியாகச் சுமார் 9,600 ரூபாய் மேசையில் வைக்கிறோம், சில ஷூவில் 100, சில ஷூவில் 30,000, எல்லாம் கலந்து 9,600. அதில் 7.61 சதவீதம் எவ்வளவு? 730 ரூபாய். ஒரு ஷூவுக்குச் சராசரி நஷ்டம் அதேதான். படி ஏறினாலும் இறங்கினாலும் சேதாரச் சதவீதம் துளியும் அசையவில்லை. ஒரு கிலோ வெள்ளியை ஒரே தடவை உருக்கினாலும் பத்துப் பங்காகப் பிரித்து, சின்னது முதலில் பெரியது கடைசியில் என்று உருக்கினாலும் உதிர்வது உதிரும், எந்த வரிசையில் உருக்கினாய் என்று வெள்ளி கேட்பதில்லை. இந்த முறை செய்வது ஒன்றே ஒன்றுதான், சின்னச் சின்ன நஷ்டங்களையெல்லாம் சேர்த்து ஒரே இடத்தில் குவித்து வைக்கிறது. அந்த இடத்துக்கு வரும்வரை நமக்குச் சம்பாதிக்கிற மாதிரியே இருக்கும்.

காகிதத்தில் சொன்னால் மாப்பிள்ளை தலையாட்டினான், ஆனால் நம்பவில்லை, முகத்திலேயே தெரிந்தது. அதனால் ஒரு காரியம் செய்தோம். முதல் அக்ரஹாரத்தில் எட்டுக் கட்டுச் சீட்டு வாங்கினோம். ஏற்காட்டில் நாகலூர் போகிற வழியில் என் சிநேகிதர் ஒருவரின் காப்பித் தோட்டத்து வீடு இருக்கிறது, ஐப்பசியில் ஒரு சனி ஞாயிறு, அடிவாரத்திலிருந்தே மழை, இருபது கொண்டை ஊசி வளைவும் மேகத்துக்குள் ஏறிப் போய்ச் சேர்ந்தோம். வெளியே போக வழியில்லை. தரையில் ஜமக்காளத்தை விரித்து, எட்டுக் கட்டையும் கொட்டிக் கலைத்து, மூன்றாவது சீட்டு விதியை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, நான் சீட்டு இழுக்க அவன் எழுத, பத்து ஷூ ஆடினோம். காசு கிடையாது, பேனா மட்டும்தான். எட்டுக் கட்டைக் கையால் கலைப்பது லேசு இல்லை, கால் மணி நேரம் ஆகிறது, அந்த ஈரத்தில் சீட்டு வேறு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது, தோட்டத்து அம்மா காப்பி கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் சீட்டைத் துணியால் மூடி வைத்தோம். முதல் மூன்று ஷூவிலும் டிராகன் 20 ஆட்டத்துக்குள் வந்துவிட்டது. மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே! "பாத்தீங்களா மாமா" என்று ஒவ்வொரு தடவையும். நாலாவதில் 25-வது ஆட்டம், ஐந்தாவதில் 27-வது. சனிக்கிழமை ராத்திரி படுக்கும்போது அவன் கணக்கில் லாபம் மட்டும்தான்.

ஞாயிறு காலை ஆறாவது ஷூவில் 80 ஆட்டமும் போனது, டிராகன் இல்லை. 60-ஐத் தாண்டியதும் அவன் எழுதுகிற வேகமே மாறிவிட்டது, ஒவ்வொரு சீட்டையும் நான் திருப்புவதற்கு முன்னாலேயே குனிந்து பார்க்கிறான், காசே இல்லாத ஆட்டத்தில் அவன் நெற்றியில் வேர்வை. மழை பெய்கிற ஏற்காட்டில் வேர்வை. அப்போதுதான் கோவாவில் அந்த ராத்திரி அவன் எப்படி உட்கார்ந்திருப்பான் என்று எனக்குக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது, வயிற்றைப் பிசைந்தது. ஏழாவது, எட்டாவது, பத்தாவது ஷூவில் வந்தது, அதில் ஒன்றில் 69-வது ஆட்டத்தில் வந்து 11,600 ரூபாய் லாபம் எழுதினான். ஒன்பதாவது மறுபடி காலி. முடிவில் ஜெயித்த எட்டு ஷூவும் சேர்த்து 41,500. காலியான இரண்டு ஷூ 60,000. நிகர நஷ்டம் 18,500, அதுவும் எட்டுக்கு இரண்டு என்று ஜெயித்துக்கொண்டே. அவனே கூட்டினான், அவனே கோடு போட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மற்றப் பாடங்களைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். எல்லாக் கட்டத்திலும் வைத்துவிட்டால் ஏதாவது ஒன்று வருமே என்பது ஒன்று. டிராகனில் 100, பாண்டாவில் 100, டையில் 100. ஆமாம், அடிக்கடி ஏதாவது வரும், மனசுக்கு நன்றாக இருக்கும். ஆனால் 7.61-ம் 10.19-ம் 14.36-ம் தனித்தனியாக உதிர்ந்துகொண்டே இருக்கும், ஆட்டத்துக்கு 32 ரூபாய், ஒரு ஷூவுக்கு 2,500-க்கு மேல். அப்புறம் இன்சூரன்ஸ் என்று ஒரு பேச்சு. டிராகன் இருக்கும் மேசையில் கமிஷன் கிடையாது, அதற்குப் பதில் பேங்கர் மூன்று சீட்டில் 7 எடுத்து ஜெயித்தால் பேங்கரில் வைத்தவனுக்கு லாபம் இல்லை, போட்டது மட்டும் திரும்பும். அந்த இழப்பை ஈடுகட்ட டிராகனிலும் கொஞ்சம் வை என்பார்கள். பேங்கரின் சேதாரம் அங்கே ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, அதைக் காப்பாற்ற ஏழரை சதவீதச் சேதாரத்தை வாங்குவது எனக்குப் புரியவில்லை.

இப்போது அந்த வேறு கதை. உண்மையிலேயே வேலை செய்யக்கூடிய ஒரு முறை டிராகனுக்கு இருக்கிறது, அதை மறைக்க எனக்கு மனசு வரவில்லை. எலியட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கக் கணிதக்காரர் வெளியிட்டது. சீட்டு எண்ணுவது. ஷூ ஆரம்பத்தில் பூஜ்யம். 4, 5, 6, 7 வந்தால் ஒன்று கழி. 8, 9 வந்தால் இரண்டு கூட்டு. மற்றதைக் கண்டுகொள்ளாதே. வந்த எண்ணை ஷூவில் மிச்சமிருக்கும் கட்டுகளால் வகு. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் மட்டும் டிராகனில் வை. உதாரணமாக இரண்டு கட்டு மிச்சம், கணக்கு 9, வகுத்தால் நாலரை, வைக்கலாம். காரணம் சுலபம்தான், 8-ம் 9-ம்தான் இரண்டு சீட்டிலேயே ஆட்டத்தை முடித்துவிடும் சீட்டுகள், அவை நிறையப் போய்விட்டால் மூன்றாவது சீட்டு அதிகம் இழுக்கப்படும், டிராகனுக்கு மூன்றாவது சீட்டு இல்லாமல் வழியில்லை. அந்த நேரங்களில் சேதாரம் நம் பக்கம் திரும்புகிறது.

ஆனால் மாப்பிள்ளைக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். அந்த நேரம் ஷூவின் கடைசியில்தான் அதிகம் வரும், அதுவும் எல்லா ஷூவிலும் வராது. டீலர் கடைசி வரை இழுக்காமல் பாதி ஷூவிலேயே கலைத்துவிட்டால் முடிந்தது. மணிக்கணக்கில் உட்கார்ந்து டிராகனில் ஒரு பைசா வைக்காமல் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும், திடீரென்று வைக்க ஆரம்பித்தால் மேசைக்காரர்கள் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள். போனில், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாகக் கலைக்கிற நிரலில், எண்ணுவதற்கு அர்த்தமே இல்லை. அவன் பிடிஎஃப் முழுக்கத் தேடினேன், இந்த முறையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. 4,999 ரூபாய் வாங்கிக்கொண்டு, இருக்கிற ஒரே நிஜமான விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறான். அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

"பில் ஐவி ஜெயிச்சாரே மாமா" என்று ஒரு நாள் கேட்டான். ஜெயித்தார், 2012-ல் லண்டனில் 77 லட்சம் பவுண்டு. சீட்டின் முதுகில் டிசைன் ஓரத்தில் இருந்த நுணுக்கமான வித்தியாசத்தை வைத்து எது பெரிய சீட்டு என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஆடினார். கேசினோ பணம் தர மறுத்தது, 2017-ல் அங்கே உச்ச நீதிமன்றமும் அது ஏமாற்று என்றே தீர்ப்புச் சொன்னது. உலகத்திலேயே பேர்போன ஆட்டக்காரர், அவரே எவ்வளவு வைப்பது எப்போது ஏற்றுவது என்பதை மட்டும் நம்பி உட்காரவில்லை, சீட்டைத் தெரிந்துகொள்ள வழி தேடித்தான் உட்கார்ந்தார் என்றுதான் நான் பதில் சொன்னேன்.

சரி, இவ்வளவும் கேட்ட பிறகும் கோவா போனால் கொஞ்ச நேரம் உட்கார்வேன் என்கிறவனுக்கு என்ன சொல்வது? போகாதே என்று சொல்லியாகிவிட்டது. போனால் இதைப் பார் என்றும் சொல்லத்தான் வேண்டும். சைடு பெட்களில் சேதாரம் குறைவாக எனக்குத் தெரிந்தது டிராகன் போனஸ், அதுவும் பிளேயர் பக்கத்தில் மட்டும். பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் டிராகன் 7 வேறு, இது வேறு. இதில் எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கிறோம் என்பதற்குப் பணம். நேச்சுரலில் ஜெயித்தால் ஒன்றுக்கு ஒன்று. மற்றபடி 4 புள்ளி வித்தியாசத்துக்கு 1, ஐந்துக்கு 2, ஆறுக்கு 4, ஏழுக்கு 6, எட்டுக்கு 10, ஒன்பதுக்கு 30. இந்தப் பட்டியல் அப்படியே இருந்தால் பிளேயர் பக்கத்தில் சேதாரம் 2.65 சதவீதம். அதே கட்டத்தைப் பேங்கர் பக்கம் வைத்தால் 9.37. ஒரு அடி தள்ளி வைத்ததற்கு மூன்றரை மடங்கு சேதாரம்! பட்டியலில் ஒரு எண் குறைந்தாலும் 2.65 ஏறிவிடும், அதனால் உட்காருவதற்கு முன்னால் பட்டியலைப் படிக்க வேண்டும். நாங்கள் வெள்ளி வாங்கும்போது டச், அதாவது சுத்தம் எவ்வளவு என்று, பார்க்காமல் வாங்குவோமா? அதுபோலத்தான். தொகையை ஏற்றாமல் ஒரே மாதிரி வை, கொண்டுபோனது தீர்ந்தால் எழுந்துவிடு, ஏடிஎம் கார்டை அறையிலேயே வைத்துவிட்டுப் போ.

போனில் மட்டும் வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2022-ல் நிறைவேறி 2023 ஏப்ரலில் ஒப்புதல் வாங்கியது, 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுக்கத் தடை செய்யும் சட்டம் கொண்டுவந்துவிட்டது. இன்னும் லிங்க் அனுப்புகிறவன் சட்டத்துக்கு வெளியே நிற்கிறவன், ஜெயித்த பணம் வராவிட்டால் போய்க் கேட்க இடம் கிடையாது. கேசினோவில் ஜெயித்தாலும் வருமான வரி உண்டு, ஜெயித்ததில் 30 சதவீதம், தோற்றதை அதில் கழிக்கவும் விடமாட்டார்கள். படி முறையில் 41,500 ஜெயித்து 60,000 தோற்றவன் சட்டப்படி 41,500-க்கு வரி கட்ட வேண்டியவன்.

போன மாதம் அவன் மறுபடி கோவா போனான். ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவனுக்குக் கல்யாணம், அதற்கு முன்னால் நண்பர்கள் சேர்ந்து ஒரு பயணம். போவதற்கு முன்னால் அவனே போன் செய்து 3,000 ரூபாய்தான் எடுத்துப் போகிறேன் என்று சொன்னான். அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு மறுபடி போன். பின்னால் ஒரே சத்தம், கப்பலில் பாட்டு.

"மாமா, மேசைக்குப் பக்கத்துல நிக்கிறேன். பட்டியல் போர்டுல இருக்கு. படிக்கட்டுமா?"

எழுந்து விளக்கைப் போட்டு நோட்டை எடுத்தேன்.

"படி."

"நேச்சுரலுக்கு ஒண்ணு. நாலுக்கு ஒண்ணு. அஞ்சுக்கு ரெண்டு. ஆறுக்கு நாலு. ஏழுக்கு ஆறு."

"எட்டுக்கு?"

"பத்து."

"ஒன்பதுக்கு?"

"இருங்க... இருபத்தஞ்சு."

"முப்பது இல்லையா? நல்லாப் பாரு."

"இருபத்தஞ்சுதான் மாமா."

"அப்ப அங்க உட்காராதே."

"சரி மாமா" என்றான். அவன் அங்கிருந்து நகர நகரப் பாட்டுச் சத்தம் குறைந்துகொண்டே போனது, கொஞ்ச நேரத்தில் ஆற்றுக் காற்று மட்டும் கேட்டது.